எரிந்ததா, எரித்ததா? நீச்சல்குள மோட்டாரின் மிகைச்சூட்டைக் கண்டறிதல்: திருப்பத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நீச்சல்குளத்தின் நீரைச் சுழலச் செய்யும் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடேறுவதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. ‘மோட்டார் எரிந்தது’ என்னும் வழக்குத்தொடர் விளைவை மட்டும் கூறிக் காரணத்தை மறைப்பதையும், அம்மறைப்பினால் ஒரே மோட்டாருக்கு மீண்டும் மீண்டும் காயில் கட்ட நேர்வதையும் சுட்டுகிறது. சூட்டைத் தனியே நோக்காது மின்னோட்ட அளவுடன் சேர்த்து நோக்கினால் காரணத்தைப் பெரும்பாலும் பிரித்தறியலாம் என்பது இதன் கருத்து. பட்டறை வழக்கும் கலைச்சொல்லும் சந்திக்கும் இடங்கள் உடன் கருதப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: மிகைச்சூடு, மின்னோட்டம், காயில், கண்டன்சர், தன்வினை, பிறவினை, திருப்பத்தூர், செட்டிநாடு.

முன்னுரை

இக்கட்டுரையில் திருப்பத்தூர் என்பது சிவகங்கை மாவட்டத்து ஊரைக் குறிக்கும். 2019இல் தனி மாவட்டத்தின் தலைநகரான வடபுலத்துத் திருப்பத்தூர் வேறு. 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24இல் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றே ஆய்வுலகம் இதனை மிகுதியும் அறியும். இங்கிருந்து பிள்ளையார்பட்டி, குன்றக்குடி வழியாகக் காரைக்குடி செல்லும் சாலை செட்டிநாட்டின் நடுவே நுழைகிறது. மழைநீரை ஊருணியில் தேக்கி ஆண்டு முழுதும் பயன்கொண்ட நிலம் இது. ஊரார் உண்ணும் நீர் நிற்பதால் அதற்கு ஊருணி என்று பெயர். குடிநீர் ஊருணியில் இறங்கிக் குளிப்பது முறையன்று. இன்று இதே நிலத்தில் நகரத்தார் மாளிகைகள் சில பயணியர் விடுதிகளாகி, அவற்றின் பின்கட்டுகளை ஒட்டி நீச்சல்குளங்கள் அமைந்துள்ளன. ஊருணியின் நீர் நிற்பது. நீச்சல்குளத்தின் நீரோ நாள்தோறும் பல மணிநேரம் வடிகட்டி வழியே சுழன்றால்தான் தூய்மையாக இருக்கும். அச்சுழற்சி ஒரு சிறு மோட்டாரைச் சார்ந்தது.

கோடையில் அந்த மோட்டார் நிற்கும். ‘மோட்டார் எரிந்துவிட்டது’ என்று சொல்லி அதனைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புவர். காயில் கட்டப்பெற்றுத் திரும்பும். சில வாரங்களில் மீண்டும் நிற்கும். ஊர்ப்புறக் கிணற்று மோட்டாருக்கும் இந்நிலை புதிதன்று. குறை எங்கிருந்து வந்தது என்று கேட்கப்படாமையே இச்சுழற்சிக்குக் காரணம்.

எரிதல், கருகுதல், தீய்தல் ஆகிய மூன்றும் தன்வினைகள். எரித்தல், கருக்குதல், தீய்த்தல் என்பன இவற்றின் பிறவினைகள். ‘மோட்டார் எரிந்தது’ என்னும்போது மோட்டாரே எழுவாயாகி நிற்க, எரித்தது எது என்னும் வினா எழாமலே போகிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என நன்னூல் பொருள் வகுக்கிறது. மோட்டாரின் மிகைச்சூட்டை ஆராய்பவர் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை உடனிகழ்வைக் கருத்தாவாகக் கொள்வதால் நேர்பவை. சூட்டோடு இரைச்சல் கேட்கிறது என்பதும் இரைச்சலுக்குரிய பழுதால் சூடு உண்டாகிறது என்பதும் ஒன்றல்ல.

மின்னோடி, எக்கி, சுருணை, மின்தேக்கி, தாங்கி என நல்ல தமிழாக்கங்கள் உள்ளன. எனினும், பட்டறையில் வழங்கும் மோட்டார், பம்ப், காயில், கண்டன்சர், பேரிங் என்பனவற்றையே இக்கட்டுரை ஆள்கிறது. பழுது பார்ப்பவரும் கட்டுரையும் ஒரே பொருளை ஒரே பெயரால் அழைக்க வேண்டும் என்பதே இதற்குக் காரணம்.

கை சொல்வதும் அளவு சொல்வதும்

எந்த மோட்டாரும் சூடேறவே செய்யும். 1.5 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 1,119 வாட். மோட்டாரின் திறம் 75 விழுக்காடு எனக் கொண்டால் அது மின்சாரத்திலிருந்து 1,492 வாட் பெற்றாக வேண்டும். இடையில் இழக்கப்படும் 370 வாட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் முழுதும் வெப்பமாகிறது. செம்புக்கம்பியில் ஓடும் மின்னோட்டம், இரும்புத் தகடுகளில் மாறும் காந்தப்புலம், பேரிங்கின் உராய்வு என இழப்பு நிகழும் இடங்கள் பல. வெப்பம் உண்டாகும் வேகமும் வெளியேறும் வேகமும் சமனாகும் இடத்தில் மோட்டாரின் வெப்பநிலை நிலைகொள்ளும். மிகைச்சூடு என்பது இச்சமநிலை உயரே நகர்ந்துவிட்டதன் அறிகுறி. வெப்பம் கூடுதலாக உண்டாகியிருக்க வேண்டும், அல்லது உண்டான வெப்பம் வெளியேற வழியின்றி இருக்க வேண்டும்.

‘கை வைக்க முடியவில்லை’ என்பதே பெரும்பாலும் முதல் முறையீடு. 60 பாகை செல்சியஸ் அளவிலேயே மனிதர் கையை எடுத்துவிடுவர். வெளிக்காற்றே 38 அல்லது 40 பாகையாக இருக்கும் சித்திரை நண்பகலில், குறையேதுமில்லாத மோட்டாரின் மேலோடு 70 பாகையை எட்டுவது இயல்பு. உள்ளே உள்ள காயிலின் காப்பு, ‘பி’ வகுப்பாயின் 130 பாகை வரையிலும், ‘எஃப்’ வகுப்பாயின் 155 பாகை வரையிலும் தாங்குமாறு அமைந்தது. அவ்வகுப்பு மோட்டாரின் பெயர்த்தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தகட்டின்மேல் சாயம் பூசி மறைத்துவிடும் வழக்கம் வருந்தத்தக்கது.

காயிலின் உண்மையான வெப்பநிலையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. செம்பின் மின்தடை வெப்பத்துடன் ஒழுங்காக உயரும். மோட்டார் குளிர்ந்திருக்கையில் தடையை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஓடிச் சூடேறியதும் மின்சாரத்தைத் துண்டித்து உடனே மீண்டும் அளக்க வேண்டும். சூடான தடையைக் குளிர்ந்த தடையால் வகுத்து, குளிர்ந்த வெப்பநிலையுடன் 234.5ஐக் கூட்டிவரும் எண்ணால் பெருக்கி, மீண்டும் 234.5ஐக் கழித்தால் சூடான காயிலின் சராசரி வெப்பநிலை கிடைக்கும். 35 பாகையில் 4.0 ஓம் காட்டிய காயில் ஓடியபின் 5.0 ஓம் காட்டினால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 102 பாகை. சுற்றுப்புறத்தைவிட 67 பாகை உயர்வு; ‘பி’ வகுப்புக்கு இசைவளிக்கப்பட்ட உயர்வு 80 பாகை. ஆகவே, கை பொறுக்காவிடினும் அம்மோட்டாரில் குறையில்லை. சிறு மோட்டார்களில் தடை சில ஓம்களே ஆதலால் அளவி நுண்மையானதாக இருத்தல் வேண்டும். கண்டன்சரைக் கழற்றிவிட்டே அளக்க வேண்டும்.

வரம்பை மீறினால் என்ன ஆகும்? காப்பின் வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளரின் நடைமுறை விதி. 1930இல் மான்ட்சிங்கர் என்பார் மின்மாற்றிக் காப்புக் குறித்து வெளியிட்ட ஆய்வில் இதன் வேர் உள்ளது. ஆகவே, ‘நேற்றுவரை ஓடியது, இன்று திடீரென எரிந்தது’ என்னும் கூற்று மெய்யன்று. பல மாதங்களாகக் கருகிவந்த காப்பு இன்று முறிந்தது என்பதே சரி.

மின்னோட்டத்தை உடன்வைத்துப் பார்த்தல்

கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இவ்வாய்வின் தலையாய கருவி. பெயர்த்தகட்டில் முழுச்சுமை மின்னோட்டம் குறிக்கப்பட்டிருக்கும். ஓடும் மோட்டாரின் மின்னோட்டத்தை அதனோடு ஒப்பிட்டால் வழி இரண்டாகப் பிரியும். மோட்டார் சூடாகவும் மின்னோட்டம் மிகுந்தும் இருந்தால் வெப்பம் கூடுதலாக உண்டாகிறது. சுமை, மின்னழுத்தம், கண்டன்சர், பேரிங், காயில் இவற்றுள் காரணத்தைத் தேட வேண்டும். மோட்டார் சூடாக இருந்தும் மின்னோட்டம் அளவோடு அல்லது குறைவாக இருந்தால் காற்றோட்டத்தையும் நீரோட்டத்தையும் ஆராய வேண்டும். செம்பில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மின்னோட்டம் 20 விழுக்காடு கூடினால் அவ்வெப்பம் 44 விழுக்காடு கூடும். ஓர் ஆம்பியர், இரண்டு ஆம்பியர் வேறுபாட்டைப் புறக்கணித்தல் கூடாது.

முதலில் மின்னழுத்தம். பம்ப் மோட்டார் தான் தர வேண்டிய ஆற்றலை எப்படியும் தர முயலும். அழுத்தம் குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்ளும். 230 வோல்ட்டுக்குரிய மோட்டார் 200 வோல்ட்டில் ஓடினால் மின்னோட்டம் ஏறத்தாழ 15 விழுக்காடு உயரும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் தாழ்வழுத்த வழங்கலில் 6 விழுக்காட்டு ஏற்ற இறக்கத்தை மட்டுமே ஏற்றன. 230 வோல்ட்டுக்கு அது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. ஆயினும், குறைவழுத்தத்திற்கு மின்வழங்கலை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. பழைய மாளிகையின் முன்கட்டில் மின்பலகை. பல கட்டுகளைக் கடந்து பின்புறத்தில் பம்ப் அறை. செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவிலிருந்து மறுதெருவரை நீள்பவை என்பது கட்டடக்கலை ஆய்வாளர் அறிந்ததே. அந்த நீளத்தை மின்கம்பியும் கடக்க வேண்டியுள்ளது. 60 மீட்டர் தொலைவுக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக்கம்பி இழுக்கப்பட்டிருந்தால், போக்குவரத்து இரண்டும் சேர்ந்து அதன் தடை ஏறத்தாழ 1.45 ஓம். 8 ஆம்பியர் ஓடுகையில் 11 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே இழக்கப்படும். மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னோட்டம் ஐந்தாறு மடங்காகும். அப்போதைய இழப்பு 60 வோல்ட் அளவினது. 4 சதுர மி.மீ. கம்பியாயின் ஓட்டத்தின்போது இழப்பு நான்கரை வோல்ட்டுக்குள் அடங்கும். மோட்டார் நிற்கும்போது அளந்தால் இக்குறை தெரியாது. ஓடும்போது, அதுவும் மோட்டாரின் முனைகளிலேயே அளக்க வேண்டும். இந்த ஓர் அளவீடு செய்யப்படாமையால் கம்பியின் குற்றத்துக்குக் காயில் தண்டனை பெற்ற நிகழ்வுகள் மிகப் பல.

பெரிய குளங்களுக்கு மும்முனை மோட்டார்கள் வைக்கப்படும். மூன்று முனைகளின் அழுத்தமும் சமமாக இருத்தல் இங்கு முதன்மையானது. 390, 400, 410 வோல்ட் என இருந்தால் சராசரியிலிருந்து விலகல் 2.5 விழுக்காடு. விலகல் விழுக்காட்டின் இருமடியை இரட்டித்தால் வெப்ப உயர்வு எத்தனை விழுக்காடு கூடும் என்பது தோராயமாகத் தெரியும். இங்கு அது 12.5. ஒரு முனை முற்றிலும் அறுந்தால் மோட்டார் நிற்காமலும் போகலாம். எஞ்சிய இரு முனைகளில் முனகியபடி ஓடிச் சில நிமிடங்களில் கருகும்.

ஒருமுனை மோட்டாரில் கண்டன்சர் தனிக் கவனத்துக்குரியது. இம்மோட்டாரில் இரு காயில்கள் உண்டு. அவற்றின் மின்னோட்டங்களுக்கிடையே கால வேறுபாட்டைத் தந்து சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குவது கண்டன்சர். காலப்போக்கிலும் வெப்பத்திலும் அதன் மதிப்பு தேயும். 36 மைக்ரோஃபாரட் எனப் பொறிக்கப்பட்டது 24 காட்டினால் மோட்டார் தயங்கிக் கிளம்பும், உறுமும், சூடேறும். பழுதுகளுள் மலிவானது இது. ஆனால், காயில் கட்டிய பின்னும் பழைய கண்டன்சரையே பொருத்திவிடும் வழக்கம் உண்டு. சொல்லாய்வாளர்க்கும் இப்பெயரில் செய்தி உண்டு. ஆங்கிலப் பொறியியல் இப்பொருளுக்குரிய பழைய பெயரை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கைவிட்டு வேறு பெயருக்கு மாறியது. தமிழ்ப் பட்டறையோ முதலில் வந்த பெயரைக் கண்டன்சர் என்று இன்றுவரை காத்துவருகிறது. குளிரூட்டியில் வெப்பத்தை வெளியேற்றும் பகுதிக்கும் அதுவே பெயராதலால் குழப்பம் நேர்வதுண்டு. அவ்விடத்தில் மின்தேக்கி என்னும் சொல் உண்மையிலேயே தேவைப்படுகிறது.

நீரும் காற்றும்

பம்பில் அடைப்பு ஏற்பட்டால் மோட்டாருக்குச் சுமை கூடும் என்று பொதுவாகக் கருதுவர். நீச்சல்குளங்களில் பயன்படும் மையவிலக்குப் பம்பில் நிகழ்வது பெரும்பாலும் இதற்கு மாறானது. நீர் குறைவாகப் பாய்ந்தால் சுமையும் குறையும். மிகுதியாகப் பாய்ந்தால் சுமை கூடும். மணல் வடிகட்டியைக் கழுவி, வால்வுகளை முழுதும் திறந்துவிட்ட மறுநாள் மோட்டார் முன்னினும் சூடேறுவது வியப்பன்று. குழாயின் எதிர்ப்புக் குறைந்துள்ளது; பம்ப் தனக்கு வகுத்த அளவைவிட மிகுந்த நீரைத் தள்ளுகிறது. இதனைச் சோதிப்பது எளிது. கிளாம்ப் மீட்டரைப் பார்த்தபடியே வெளியேற்று வால்வைச் சிறிது சிறிதாக மூட வேண்டும். மின்னோட்டம் இறங்கினால் சுமை நீரால் வந்தது. வால்வை அந்த அளவில் நிறுத்திவைத்தாலே போதும். இறங்காவிடில் மின்வழங்கலிலோ பேரிங்கிலோ காயிலிலோ குறை உள்ளது. பம்பின் உள்ளே வேப்பங்கொட்டையோ சிறுகல்லோ சிக்கி இம்பெல்லர் உரசுவதும் மின்னோட்டத்தை உயர்த்தும். மின்சாரத்தைத் துண்டித்தபின் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தால் அது தெரியும்.

அடைப்பினால் தீங்கில்லை என்று இதற்குப் பொருளன்று. முன்வடிகட்டிக் கூடையில் இலை நிறைந்தாலோ, குளத்தின் நீர்மட்டம் உறிஞ்சுவாய்க்குக் கீழே இறங்கினாலோ பம்ப் காற்றை இழுக்கும். அதே நீர் உள்ளேயே சுழன்று வெந்நீராகும். அருகிலுள்ள பி.வி.சி. இணைப்பு இளகும், தண்டைச் சூழ்ந்த சீல் கருகிக் கசியும், கசிந்த நீர் முன்பேரிங்கில் புகுந்து துருவேற்றும். பேரிங் இறுகியபின் மின்னோட்டம் உயரும். கடைசியாகக் காயில் கருகும். இவ்வரிசையில் காயில் கடைசி உறுப்பு. பட்டறைக்குப் போவதோ அது மட்டுமே. புதுக் காயிலுடன் திரும்பும் மோட்டார் பழைய சீலுடன் இணைக்கப்படும்போது மேற்கூறிய வரிசை மீண்டும் தொடங்குகிறது.

காற்றைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டாரின் பின்புறத்து விசிறியை மூடிய உறையில் தூசும் இலையும் அடைந்தால் காற்று செல்லாது. அழகு கருதிப் பம்பை நிலவறையில் ஒளித்து மூடிவிடும் வழக்கத்தால், மோட்டார் தான் வெளியிட்ட வெப்பக்காற்றையே திரும்ப இழுக்கிறது. அதே அறையில் குளோரின் பொருள்களையும் அடுக்கிவைப்பது இரட்டைத் தீங்கு; அவற்றின் ஆவி இணைப்பு முனைகளை அரிக்கும், அரித்த முனை தளர்ந்து சூடேறும்.

பல மோட்டார்களில் சூடு மிகுந்தால் தானே நிறுத்தி, ஆறியபின் தானே ஓடவிடும் காப்புறுப்பு உள்ளது. அரைமணிக்கொருமுறை நின்று ஓடும் மோட்டாரை ‘இடைவிட்டு ஓடுகிறது’ என்று சொல்லி அப்படியே விட்டுவிடுவர். அது நோயை மறைத்துக் காட்டும் ஓட்டம். மேலும், நின்றிருக்கிறது என்று எண்ணிக் கைவைத்தவர் மேல் அது திடுமென ஓடத் தொடங்கலாம். இங்கே மனித உயிரும் பணயத்தில் உள்ளது. மோட்டாரின் கருகிய காப்பு உலோக மேலோட்டுக்கு மின்சாரத்தைக் கசியவிடும்; அம்மோட்டார் தொடும் நீரில் குழந்தைகள் நிற்கின்றனர். நம்பத்தக்க நிலஇணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் முறிப்பானும் இன்றி நீச்சல்குள மோட்டாரை ஓடவிடலாகாது. முறிப்பான் அடிக்கடி விழுகிறது என்று அதனைத் தவிர்த்து நேரிணைப்புக் கொடுப்பது பொறுக்கத்தக்க குறுக்குவழியன்று. மூடியைத் திறக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுவதும், கண்டன்சரில் தேங்கிய மின்னை மின்தடை வழியே இறக்குவதும் கட்டாயம்.

கருகிய காயிலை வாசித்தல்

செல்லரித்த ஏட்டைப் பதிப்பாசிரியர் எறிந்துவிடுவதில்லை. எழுத்து எங்கெங்கு எப்படி அழிந்தது என்பதையும் சான்றாகக் கொள்வார். கருகிய காயிலும் அவ்வாறு வாசிக்கத்தக்கது. அதனை வெட்டி எடுக்குமுன் சிறிது நேரம் நோக்கினால் போதும். காயில் முழுதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் மிகைச்சுமை, குறைவழுத்தம், காற்றடைப்பு இவற்றுள் ஒன்று காரணம். மும்முனை மோட்டாரில் சில தொகுதிகள் மட்டும் கருகி மற்றவை புதியனபோல் மின்னினால் ஒருமுனை அறுந்து ஓடியது என்று துணியலாம். நட்சத்திர இணைப்பாயின் இருமுனைக் காயில்கள் கருகியிருக்கும், ஒன்று தப்பியிருக்கும். முக்கோண இணைப்பாயின் ஒன்று கருகியிருக்கும், இரண்டு தப்பியிருக்கும். ஒருமுனை மோட்டாரில் துணைக்காயில் மட்டும் கருகியிருப்பின் கண்டன்சரையோ தொடக்க ஆளியையோ ஐயுற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பொட்டாக உருகியிருந்தால் அண்டைச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுள்ளன. ஈரமோ, மின்னழுத்தத் தாக்கோ, கட்டும்போது நேர்ந்த சிராய்ப்போ அதற்குக் காரணமாகலாம்.

காயில் கட்டும் முறையும் அடுத்த சூட்டுக்கு வித்தாகலாம். பழைய கம்பியை எளிதில் உருவுவதற்காகக் கட்டுக்கடங்காத தீயில் இட்டால் இரும்புத் தகடுகளுக்கிடையிலான காப்பு அழியும். பின்னர் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினும் அம்மோட்டார் சுமையின்றியே சூடேறும். செம்புக்குப் பதில் அதே பருமனுடைய அலுமினியக் கம்பி இட்டால் தடை ஏறத்தாழ 1.6 மடங்காகும். சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தால் இரும்பு காந்தத்தால் தெவிட்டி வெற்றோட்ட மின்னோட்டம் உயரும். ஆகவே, காயில் கட்டித் திரும்பிய மோட்டாரின் வெற்றோட்ட மின்னோட்டத்தையும் குளிர்ந்த தடையையும் பட்டறையிலேயே அளந்து எழுதி வாங்குவது நன்று.

காயில் கட்டுவோரிடம் இவ்வாசிப்பு அறிவு செறிந்துள்ளது. கைப்பழக்கமாகவும் வாய்மொழியாகவும் அது கைமாறுகிறது. கோவைப் பகுதி மோட்டார்த் தொழில் 1930களில் தோன்றியது முதல் கணக்கிட்டால், தமிழ்நாட்டில் இவ்வறிவுக்கு ஏறத்தாழ 90 ஆண்டு வயது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது பாடநூல் சொற்கள் குறித்துப் பேசப்பட்டது. பட்டறைச் சொற்கள் அப்பேச்சில் உரிய இடம் பெறவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கலைச்சொல் பட்டியல்களில் மோட்டாரின் உறுப்புகளுக்குப் பெயர்கள் உண்டு; அதன் நோய்களுக்குப் பெயர்கள் அரிது. மிகைச்சூடு, முனையிழப்பு, காற்றிழுப்பு, சுற்றுக்கலப்பு, பொட்டுக்கருகல் என்பனபோல நோய்க்கும் பெயரிட்டு, காயில் கட்டும் ரசீதில் ‘எரிந்தது’ என்று எழுதும் இடத்தில் இவற்றுள் ஒன்றை எழுதலாம். ‘முனையிழப்பால் இருமுனைக் காயில் கருகியது’ என்று ரசீதில் இருந்தால், மோட்டாரைத் திரும்பப் பெறும் விடுதியார் அதனைப் பொருத்துமுன் ஃபியூஸையும் ஸ்டார்ட்டரையும் திறந்து பார்ப்பார்.